மீட்டரை மூடச் சொன்னவள்

மெக்கானிக் அக்காவுக்கு அந்தப் பேரை வைத்தது தையல் ஃபேக்டரிப் பெண்கள். அங்கே இருநூற்றுப் பத்து மெஷின்கள் ஓடுகின்றன. இருபத்திரண்டு வருஷமாக அத்தனைக்கும் வைத்தியம் பார்க்கிறவள் அவள்தான். காலர் தைக்கிற மெஷின் தையல் விடுகிறதா, பட்டன் மெஷினில் நூல் அறுகிறதா, "அக்காவக் கூப்பிடு" என்பார்கள். அக்கா வருவாள். கையில் திருப்புளி, தோளில் எண்ணெய்த் துணி. வந்தவுடனே மெஷினைத் தொட்டுவிட மாட்டாள். தைக்கிற பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "கடைசியா என்னம்மா மாத்தின?"

அந்தக் கேள்வியில்தான் சூட்சுமமே இருக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் இன்றைக்கு மக்கர் பண்ணுகிறது என்றால் நடுவில் யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டும். ஊசியை மாற்றியிருப்பார்கள், நூலை மாற்றியிருப்பார்கள், ஒன்றும் இல்லையென்றால் ஸ்டூலை இழுத்துப் போட்டு பெடலை இடித்திருப்பார்கள். பத்துக்கு எட்டு தடவை திருப்புளிக்கு வேலையே வராது. ஃபேக்டரி மேனேஜர் லேசுப்பட்ட ஆள் இல்லை, சொந்த அண்ணன் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரே அக்கா ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இதெல்லாம் ஃபேக்டரி கேட்டுக்கு உள்ளே. கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டால் அக்கா சொன்னதை வாசல் மிதியடிகூடச் சட்டை செய்யாது. காரணம், வீட்டுக்காரர்.

வீட்டுக்காரருக்குத் தெருவில் மீட்டர்காரர் என்று பேர். தண்ணீர் பம்பிங் ஸ்டேஷனில் வேலை. சுவர் முழுக்க வட்டவட்டமாக மீட்டர்கள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முப்பது வருஷம் இதே வேலை. நல்ல மனுஷன், குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். குடி கிடையாது, கோபம் கிடையாது, பாத்திரம் தேய்ப்பார், துணி காயப்போடுவார். ஒரே ஒரு கோளாறு: பெண்டாட்டி சொன்னால் காதில் ஏறாது. அதையே முன்பின் தெரியாத ஒரு ஆள் சொன்னால் வேதவாக்கு. கனமான சாமானைக் குனிந்து தூக்காதீங்க, முட்டியை மடக்கித் தூக்குங்க என்று அக்கா ஆறு வருஷம் தொண்டை கிழியச் சொன்னாள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே முட்டியை மடக்கிக் காட்டி, "இதெல்லாம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் தெரியுது" என்று அக்காவுக்கே பாடம் எடுத்தார். இதைக் கேட்டு எவளுக்குத்தான் வயிறு எரியாது?

அக்காவுக்கு நகை ஆசை இல்லை, ஊர் சுற்றுகிற ஆசை இல்லை. இருநூற்றுப் பத்து மெஷினும் கேட்கிற பேச்சை இந்த ஒரு மனுஷன் ஒரு தடவை கேட்க வேண்டும், "நீ சொன்னது சரி" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் வீட்டுக்கு சினிமா கம்ப்யூட்டர் வந்தது.

மீட்டர்காரரே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர். ஹாலில் சுவர் அகலத்துக்குத் திரை, மூலைக்கு மூலை ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் அடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர்ப் பெட்டி. அது உறுமினால் அலமாரிக் கண்ணாடி நடுங்கும். அவர் சொந்த அறிவில் இதைச் செய்யவில்லை. 'ஹோம் தியேட்டர் நண்பர்கள்' என்று ஒரு குழு, செல்போனிலும் வரும், கம்ப்யூட்டரிலும் வரும். நானூறு பேர். பாஸ் மன்னன், டால்பி தளபதி, ஆம்ப் அரசன் என்று ஆளாளுக்கு ஒரு பட்டம். போன் நம்பர்கூடக் காட்டாது, நிஜத்தில் யார் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, மீட்டர்காரருக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு மரியாதை.

முதல் ஞாயிறு மத்தியானம் ஒரு படம் அம்சமாக ஓடியது. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனாரும் ஸ்வெட்டர் பின்னலோடு வந்து உட்கார்ந்து பார்த்தாள். "அண்ணே, தியேட்டர் தோத்துச்சு போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே!

"ஒரு மெஷின் ஓடுது, அதுல ஒரு மீட்டர்கூட இல்லன்னா எப்படி?" என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. குழுவில் கேட்டு ஒரு ப்ரோகிராமை இறக்கினார். திரையின் வலது ஓரத்தில் இருபத்துநான்கு வட்டங்கள் வந்து நின்றன. கம்ப்யூட்டரின் சூடு, காற்றாடியின் வேகம், கரண்டின் அளவு, ஒன்று பாக்கியில்லை. பம்பிங் ஸ்டேஷனில் மணிக்கு ஒரு தடவை என்றால், இங்கே வினாடிக்குப் பத்துத் தடவை கணக்கெடுக்கும்படி வைத்தார். முட்கள் எல்லாம் குதியோ குதி என்று குதித்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் படத்தில் கதாநாயகியின் பாதி முகம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சத்தம் வெட்ட ஆரம்பித்தது. படத்தில் ஒருத்தி அழுதுகொண்டே "என்னை விட்டுட்டுப் போ..." என்றாள். சத்தம் நின்றது. அரை வினாடி கழித்து "...தீங்க" என்றது. கொஞ்ச நேரம் ஒழுங்காக வரும், மறுபடி டக் டக்கென்று அறுந்து அறுந்து வரும். படம் பாட்டுக்கு ஓடுகிறது, சத்தம்தான் தையல் விட்டதுபோல் வருகிறது. மீட்டர்காரர் படத்தை நிறுத்தினார். நோட்டை எடுத்து எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது வினாடி என்று குறித்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார்.

"கடைசியா என்னங்க மாத்தினீங்க?" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

"இது தையல் மெஷின் இல்லம்மா. கம்ப்யூட்டர்."

"இருக்கட்டுங்க. போன வாரம் நல்லா ஓடிச்சு. நடுவுல நீங்க இந்த மீட்டரத்தான் போட்டீங்க. அத மூடிட்டு ஓட்டிப் பாருங்களேன்."

மீட்டர்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மீட்டர மூடிட்டா கோளாறு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"காது இருக்கே!"

"காத எல்லாம் நம்ப முடியாது."

நாத்தனார் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "விடு அண்ணி. அண்ணன் தானாப் பட்டுத் தெரிஞ்சுக்கும்" என்றாள்.

அண்ணன் பட்டார். தெரிந்துகொள்ளத்தான் இல்லை. கேபிளை மாற்றினார். சத்தத்துக்கான டிரைவர் ப்ரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டார். படம் ஓட்டுகிற ப்ளேயரை ஐந்து தினுசு மாற்றினார். பாஸ் மன்னன் ஜன்னல் திரைதான் காரணம் என்றார். ஜன்னல் திரை போனது. டால்பி தளபதி ஃப்ரிட்ஜ் கரண்டை இழுக்கிறது என்றார். ஞாயிறு மத்தியானம் ஃப்ரிட்ஜை அணைத்தார், பால் திரிந்தது. ஆம்ப் அரசன் சோபாவை ஒன்றரை அடி பின்னால் தள்ளச் சொன்னார், தள்ளினார். அதற்குமேல் சமையலறைக்குப் போகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டியிருந்தது. சத்தம் மட்டும் வெட்டுவதை விடவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் இருபத்துநான்கு முட்களும் ஓரத்தில் ஜோராகக் குதித்துக்கொண்டிருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டின.

ஒரு ஞாயிறு அவர் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்த சமயம் அக்காவே அந்த மீட்டரை மூடிவிட்டாள். இறங்கி வந்தவர் வட்டங்களைக் காணாமல் பதறிப்போனார். "ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு!" என்று ஓடிவந்து ப்ரோகிராமைத் திறந்தார். முட்கள் குதித்த பிறகுதான் அவருக்கு உயிரே வந்தது. அன்றைக்கே அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். நடுவில் ஐந்து நிமிஷம் சத்தம் துளி வெட்டில்லாமல் ஓடியதை அக்கா கேட்டாள், நாத்தனாரும் கேட்டாள். சொன்னார்கள். "அது தற்செயல்" என்றுவிட்டார்.

அக்காவுக்குக் காரணம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. ஃபேக்டரியில் இந்த மேனேஜர் வந்த புதிதில் ஒவ்வொரு பெண்ணின் முதுகுக்குப் பின்னாலும் நின்று "எத்தனை தச்சே? நூல் இருக்கா? மெஷின் சூடாச்சா?" என்று நச்சரித்தார். அந்த வாரம் முழுக்கத் தையல் கோணல்மாணலாகத்தான் வந்தது. கம்ப்யூட்டருக்கும் அதே கதி. படத்தையும் சத்தத்தையும் ஒரு சீராகத் தள்ளவேண்டிய நேரத்தில் வினாடிக்குப் பத்துத் தடவை பதில் சொல்லச் சொன்னால் அதுதான் என்ன செய்யும்? இதையும் அவரிடம் விலாவாரியாகச் சொன்னாள். "நல்ல உதாரணம்" என்றார் மீட்டர்காரர், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அதோடு சரி.

இப்படி நாலு மாசம். பதினாறு ஞாயிறு. ஒரு படத்தின் முடிவையும் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. "ரெண்டு ஸ்வெட்டர் முடிச்சுட்டேன் அண்ணி. படம் இன்னும் நாப்பதாவது நிமிஷத்துலயே நிக்குது" என்றாள் நாத்தனார். அவள் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. படம் போனால் போகட்டும், தன் பேச்சுக்கு ஒரு மிதியடி மதிப்புக்கூட இல்லையே என்றுதான் அவளுக்கு வேதனை.

மறுநாள் ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் செல்போனில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். தன் பேரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? "வீட்டுல ஜென்ட்ஸ் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்" என்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்து 'சவுண்ட் சிங்கம்' என்று பேர் வைத்தாள். முகப்பில் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றின் படத்தைப் போட்டாள்.

முதல் வாரம் பொறுமையாக, விளக்கமாக, ஃபேக்டரிப் பெண்களிடம் பேசுவதுபோல் எழுதினாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் அந்தக் குழுவின் நாடி அவளுக்குப் பிடிபட்டது. அங்கே மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் கம்மியாகப் பேச வேண்டும், கடுப்பாகப் பேச வேண்டும். யாரோ ஸ்பீக்கர் இரைகிறது என்று பத்து வரி எழுதியிருந்தார். சிங்கம் எழுதியது: "கதை வேண்டாம். கடைசியாக என்ன மாற்றினாய்?" அவ்வளவுதான்! "அண்ணன் பாயின்டைப் பிடிச்சுட்டார்" என்றார் டால்பி தளபதி. அந்த ஆள் புது எக்ஸ்டென்ஷன் கார்டு மாட்டியதைச் சொன்னார், கழற்றினார், இரைச்சல் போனது. குழுவே மூக்கில் விரலை வைத்தது. மூன்றாவது வாரம் பாஸ் மன்னனே "சிங்கம் அண்ணன் என்ன சொல்றாரோ அதுதான்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டில் சாப்பிடும்போது மீட்டர்காரர் வாயைத் திறந்தால் சிங்கம்தான். "என்னா அறிவு தெரியுமா அந்த மனுஷனுக்கு! ஒரு வார்த்தை அதிகமாப் பேசமாட்டார். ராணுவத்துல இருந்திருப்பார்னு நினைக்கிறேன்."

"இருக்கும், இருக்கும்" என்று அக்கா குழம்பை ஊற்றினாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் தன் குறையைச் சிங்கத்திடம் கொட்டினார். ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு மாச நோட்டையும் பார்த்துப் பார்த்துத் தட்டினார். சமையலறையில் அக்கா செல்போனைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு எழுதினாள்: "கண்காணிக்கிற ப்ரோகிராம் ஏதாவது ஓடுகிறதா?"

"ஓடுதுங்க அண்ணே."

"மூடு."

ஹாலில் நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்த நிமிஷம் படத்தின் சத்தம் வந்தது. நாற்பதாவது நிமிஷத்தைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. ஒரு வெட்டு இல்லை, ஒரு தடங்கல் இல்லை.

"போயிடுச்சு! போயே போயிடுச்சு!" என்று மீட்டர்காரர் நண்டு வழியாகச் சமையலறைக்கு ஓடிவந்தார். "சிங்கம் அண்ணன் ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்!"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதையேதானே நான் மொத நாளே சொன்னேன்?"

"நீ ஏதோ வாய்க்கு வந்தத சொன்ன. அவர் காரணத்தோட சொன்னார்."

"என்ன காரணம் சொன்னார்?"

மீட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார். "மூடுன்னார்" என்றார்.

அன்றைக்குப் படத்தின் முடிவை மூன்று பேரும் பார்த்தார்கள். கதாநாயகி பிழைத்துக்கொண்டாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். மீட்டர்காரர் கைதட்டினார், படத்துக்கு இல்லை, சத்தத்துக்கு. அக்காவுக்கு எதுவும் மனசில் ஒட்டவில்லை. தன் வாயால் சொன்னால் தோற்றது, ஒரு பொய்ப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னால் ஜெயித்தது. இது ஒரு வெற்றியா என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்தச் சிங்கத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுத்திருப்பாள், செவ்வாய்க்கிழமை அந்தத் தகவல் வராமல் இருந்திருந்தால்.

செவ்வாய் மத்தியானம் அவள் ஒரு பட்டன் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தாள். சிங்கத்துக்குத் தனியாக ஒரு தகவல். மீட்டர்காரர்தான், பம்பிங் ஸ்டேஷனிலிருந்து.

"அண்ணே, ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு. நீங்க சொன்னதையே என் சம்சாரம் நாலு மாசம் முன்னாடியே சொன்னா. காரணத்தையும் சொன்னா. அவ மெஷின் வேலை பாக்குறவ, என்னவிட அவளுக்கு நல்லாத் தெரியும். எனக்கு உள்ளுக்குள்ள அது எப்பவுமே தெரியும் அண்ணே. ஒத்துக்கத்தான் முடியல. இப்ப நீ சொன்னதுதான் சரின்னு அவகிட்ட சொல்லலாம்னு பாக்குறேன். கிட்டப் போனா வாய் வரமாட்டேங்குது. என்ன பண்றது?"

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "என்னக்கா ஆச்சு?" என்று பக்கத்து மெஷின் பெண் பதறினாள். "ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றாள். எத்தனை வருஷம்! உள்ளுக்குள்ளே தெரியுமாமே! சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "இன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடு தம்பி. தள்ளிப் போடாதே."

"நீங்க சொன்னாச் செஞ்சுடுவேன் அண்ணே. உங்க வார்த்தைய நான் தட்டினதே இல்ல."

சாயங்காலம் அக்கா சீக்கிரமே வந்து முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். வெட்கக்கேடு, நல்ல புடவை ஒன்றைக்கூட எடுத்துக் கட்டிக்கொண்டாள். மீட்டர்காரர் வந்தார். சமையலறை வாசலில் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"டீ இருக்கா?"

இருந்தது. குடித்தார். போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"வந்து... அந்த டார்ச் லைட் எங்க வச்ச?"

"ஷெல்ஃபுலதான் இருக்குங்க."

மூன்றாவது தடவை வந்தவர் ரொம்ப நேரம் நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினாள். நறுக்க வேண்டியதைவிட இரண்டு அதிகமாகவே நறுக்கிவிட்டாள். "மழை வரும்போல" என்றார் அவர். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஹாலுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

அக்காவின் செல்போன் அதிர்ந்தது.

"சொல்லிட்டேன் அண்ணே. நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டேன். கண்ணு கலங்கிட்டா. ரொம்ப சந்தோஷப்பட்டா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அடப்பாவி மனுஷா! முப்பது வருஷம் முள் எங்கே நிற்கிறதோ அதை அப்படியே எழுதுகிற மனுஷன், ஒரு நாளும் ஒரு எண்ணை மாற்றி எழுதாத மனுஷன், இதைப் போய்ப் பொய்யாக எழுதுகிறாரே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் சிங்கத்தின் பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுதினாள். அனுப்பினாள்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக 'டிங்' என்றன. திரையில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: "அவள் உன் பின்னால்தான் நிற்கிறாள். இப்போது சொல்."

மீட்டர்காரர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். அவர் கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பியது. அக்காவின் கையில் செல்போன், செல்போனில் அந்த ஆம்ப்ளிபயர் படம், அதற்குக் கீழே அந்தப் பேர். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது, இறங்கியது. சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா நகரவில்லை.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் அவர், திரையைப் பார்த்து. "மொத நாளே கேட்டிருக்கணும்."

"சரியாக் காதுல விழல" என்றாள் அக்கா.

மீட்டர்காரர் நாற்காலியை முழுசாக அவள் பக்கம் திருப்பினார். அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.